சைக்கிள் ஹேண்டிலை எங்கே வைப்பது? கை மரத்துப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சைக்கிள் வாங்கும்போது கடைக்காரர் சீட்டை நம் உயரத்துக்கு ஏற்றி இறக்கித் தருவார். ஹேண்டிலை யாரும் தொடுவதில்லை. பெட்டியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஐந்து வருடம் ஓடும். அதற்குள் கழுத்து வலி, தோள் வலி, விரல் மரத்துப்போவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். காலையில் என்னோடு ஓட்ட வருகிறவர்கள் இதுபற்றி அடிக்கடி கேட்பதையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்து கிலோமீட்டர் போனதும் உள்ளங்கை வலிக்கிறது. ஹேண்டிலை உயர்த்தினால் போய்விடுமா?

போகலாம். ஆனால் முதலில் சீட்டைப் பாருங்கள். நான் அதைப் பார்க்காமல் பட்டிருக்கிறேன்.

என் முதல் 200 கிலோமீட்டர் பிரெவேயை முடித்த இரவு அது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீள் ஓட்டம், முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தட்டில் சாதத்தைப் போட்டுப் பிசையப் போனால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் என் சொல் கேட்கவில்லை. சாதம் விரலிடுக்கில் வழிகிறது, கவளம் சேரமாட்டேன் என்கிறது. கடைசியில் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உணர்வு முழுதாகத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் ஹேண்டிலை இரண்டு முறை உயர்த்திப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது என்னவென்றால், சீட்டின் மூக்கு லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்க, கை அதை நாள் முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

கையில் விழும் எடையைச் சீட்டும் பெடலும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. ஹேண்டில் அதற்கு அடுத்த படி.

சீட் சரியாக இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

சைக்கிளைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் ரசமட்டம் வையுங்கள். கொத்தனாரிடம் இருக்குமே, அதுதான். இல்லாவிட்டால் கைப்பேசியில் இருக்கும் மட்டக்கருவி போதும். மட்டமாக இருந்தால் நல்லது. மூக்கு ஓரிரு டிகிரி இறங்கியிருந்தாலும் பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம்.

உயரத்துக்குப் பழைய வழியே போதும். செருப்பில்லாமல் உட்கார்ந்து, பெடலைக் கீழே தள்ளி, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் விரல்கள் தொடங்கும் மேட்டுப் பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் தானாகவே கொஞ்சம் மடங்கியிருக்கும். கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு கணக்கும் உண்டு. கவட்டிலிருந்து தரைவரை அளந்து 0.883ஆல் பெருக்க வேண்டும். 80 செ.மீ. வந்தால், இரண்டு பெடல் கைகளும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை சுமார் 70.6 செ.மீ. இருக்க வேண்டும். இது தொடக்கப் புள்ளிதான். முழங்கால் என்ன சொல்கிறதோ அதற்குத்தான் கடைசி வார்த்தை.

இதையெல்லாம் முடித்துவிட்டு ஹேண்டில் பக்கம் வாருங்கள். சீட்டை ஏற்றினால் ஹேண்டில் தானாகவே தாழ்ந்துவிட்டதாகத் தெரியும். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு.

ஹேண்டில் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வேகமாக, அழுத்தி மிதிக்கிறவருக்குக் கால் பெடலைத் தள்ளும்போது பெடலும் உடம்பை மேலே தள்ளுகிறது. மேலுடம்பின் எடையில் ஒரு பங்கைக் கால் சுமந்துகொள்கிறது. அதனால்தான் பந்தயக்காரர்கள் அவ்வளவு குனிந்தும் கைவலி இல்லாமல் ஓட்டுகிறார்கள். நாமோ மார்க்கெட்டுக்கும் அலுவலகத்துக்கும் மெதுவாக மிதிக்கிறோம். அந்தக் கால்பலம் கிடைப்பதில்லை, மிச்ச எடை முழுக்கக் கைக்கு வந்துவிடுகிறது. பந்தய வீரரின் படத்தைப் பார்த்து ஹேண்டிலை இறக்கியவர்கள் ஒரே மாதத்தில் வந்து நிற்பது இதனால்தான்.

என் வழக்கம் இது. தினசரி பத்து கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவருக்குப் பிடி சீட்டின் மட்டத்திலோ, இரண்டு மூன்று செ.மீ. மேலேயோ இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போகிறவர் சீட் மட்டத்தில் தொடங்கி, பழகப் பழகக் கொஞ்சம் இறக்கலாம்.

அப்படியானால் உயர்த்த உயர்த்த சுகம்தானே?

இல்லை. ஒரு அளவுக்கு மேல் போனால் கையிலிருந்த எடை சீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். பால்காரர் ஓட்டும் கறுப்பு ஹெர்குலஸையோ அட்லஸையோ பாருங்கள். நிமிர்ந்த ஹேண்டில், அதற்குத் துணையாக ஸ்பிரிங் வைத்த அகலமான சீட். அந்த இரண்டும் ஜோடி. ஒல்லியான சீட்டை வைத்துக்கொண்டு ஹேண்டிலை மட்டும் உயர்த்தினால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகுத்தண்டில் வந்து இடிக்கும். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகித் தடுமாறும்.

காற்றும் இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியத்துக்கு மேல் தெற்கே போனவர்களுக்குத் தெரியும், கடற்காற்று எப்படி இழுத்துப் பிடிக்கும் என்று. நிமிர்ந்த மார்பு பாய்மரம் மாதிரி. கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1993இல் நார்வேயின் ஹாமர் நகரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார். அவர் செய்த முக்கியமான வேலை ஹேண்டிலை மாற்றியதுதான். கைகளை மடித்து மார்புக்கு அடியில் ஒடுக்கிக்கொள்கிற மாதிரி வைத்தார். மறு வருடமே அந்த அமர்வைத் தடை செய்துவிட்டார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், காற்று என்று ஒன்று இருப்பதை மறக்காமல் இருந்தால் சரி.

என் சைக்கிளில் ஹேண்டில் ஏறி இறங்குமா என்று எப்படித் தெரியும்?

மேலிருந்து பாருங்கள். ஃபிரேமின் முன்குழாய்க்குள்ளிருந்து மெல்லிய குழாய் ஒன்று எழும்பி, முன்பக்கம் வளைந்து ஹேண்டிலைப் பிடித்திருந்தால், உச்சியில் ஒரே ஒரு போல்ட் தெரிந்தால், அது பழைய வகை. உள்ளே ஆப்பு இருக்கும். கறுப்பு சைக்கிள்கள், லேடீஸ் சைக்கிள்கள், விலை குறைந்த பல சைக்கிள்கள் இந்த வகைதான். இதில் உயர்த்துவது சுலபம்.

பருமனான ஒரு துண்டு வெளியிலிருந்து குழாயைக் கவ்வியிருந்து, பின்பக்கம் பக்கவாட்டில் இரண்டு போல்ட், முன்முகத்தில் நான்கு போல்ட், உச்சியில் ஒரு வட்ட மூடி என்று இருந்தால் அது புதுவகை. அந்தத் துண்டுக்குத்தான் ஸ்டெம் என்று பெயர். கியர் சைக்கிள்களில் இன்று பெரும்பாலும் இதுதான். இதில் ஏற்ற இறக்கத்துக்கு எல்லை உண்டு.

பழைய வகையை உயர்த்துவது எப்படி? போல்ட்டைக் கழற்றியும் அசையவில்லையே?

போல்ட்டை முழுக்கக் கழற்றியிருப்பீர்கள். அது தவறு. இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். போல்ட் தலை சில மி.மீ. மேலே எழும்பி நிற்கும். அதன்மேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே ஆப்பு கீழே இறங்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை இடமும் வலமும் திருகியபடியே மேலே இழுங்கள், வரும்.

தட்டியும் அசையாவிட்டால் துரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஹேண்டிலைத் தாங்கும் அந்த மெல்லிய குழாய், அதாவது தண்டு, அலுமினியமாக இருந்து, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இரும்பாக இருந்தால், அதிலும் கடலோர ஊராக இருந்தால், இரண்டும் ஒட்டிப்போய்விடும். துருநீக்கி எண்ணெயை மேல் விளிம்பில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாளும் மறுத்தால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். நீளக் குழாய் போட்டு முறுக்கி ஃபோர்க்கை வளைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் தண்டைத் துடைத்து கிரீஸ் தடவிவிட்டுத்தான் திரும்ப உள்ளே விட வேண்டும். தண்டில் ஒரு கோடோ, வரிசையாகச் சிறு கோடுகளோ பொறித்திருப்பார்கள். அது எல்லைக் கோடு. அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஒருபோதும் உயர்த்தாதீர்கள். கோடு அழிந்துபோயிருந்தால் குறைந்தது 6.5 செ.மீ. தண்டு உள்ளே இருக்கட்டும். இன்னும் ஒரு செ.மீ. வேண்டுமே என்று ஆசைப்பட்டு வெளியே இழுத்தால், ஏதாவது ஒரு பள்ளத்தில் தண்டு முறியும், அல்லது ஃபோர்க் குழாய் பிளக்கும். அப்போது ஹேண்டில் கையிலும் சைக்கிள் வேறெங்கோவும் இருக்கும்.

கம்பி பிரேக் வைத்த சைக்கிளில் உயர்த்தியதும் சக்கரமே சுற்றவில்லை!

சுற்றாதுதான். கம்பி பிரேக் என்பது கேபிள் இல்லாமல் கெட்டி இரும்புக் கம்பியால் இயங்கும் பழைய பிரேக். அதில் லிவர் ஹேண்டிலோடு சேர்ந்திருக்கும். ஹேண்டில் மேலே போனால் கம்பியும் மேலே போகும், பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைக் கவ்விக்கொள்ளும். முன் கம்பியில் ஒரு சின்ன இணைப்பு நட்டு இருக்கும். அதைத் தளர்த்தி, ஹேண்டிலை உயர்த்திய அளவுக்குக் கம்பியை நீட்டி இறுக்க வேண்டும். பின் பிரேக் கம்பிக்கும் அதே கதை. கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவருக்கு இது கண்ணை மூடிக்கொண்டு வரும், அவரிடமே விட்டுவிடலாம்.

புதுவகை ஸ்டெம்மை உயர்த்துவது எப்படி?

ஸ்டெம்முக்குக் கீழே சில வளையங்கள் அடுக்கியிருக்கும். அவைதான் ஸ்பேசர், பெரும்பாலும் 5 அல்லது 10 மி.மீ. உயரம். சில நேரம் ஸ்டெம்முக்கு மேலேயும் ஒன்றிரண்டு இருக்கும். மேலே இருப்பதைக் கீழே மாற்றினால் அந்த அளவுக்கு ஹேண்டில் உயரும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும்.

சைக்கிளின் இரண்டு சக்கரமும் தரையில் இருக்கட்டும். உச்சி மூடியின் போல்ட்டைக் கழற்றி மூடியை எடுங்கள். பிறகு பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்தி ஸ்டெம்மை மேலே உருவுங்கள். ஹேண்டில், கேபிள் எல்லாம் அதோடு தொங்கட்டும், கழற்ற வேண்டாம். இந்த நேரத்தில் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிவிடாதீர்கள். ஃபோர்க்கைப் பிடித்திருக்க ஒன்றும் இல்லை, நழுவிக் கீழே வரும், பேரிங் குண்டுகள் தரையெங்கும் ஓடும். ஒரு முறை கட்டிலுக்கடியில் தவழ்ந்து பொறுக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

வளையத்தை மாற்றி ஸ்டெம்மைத் திரும்ப மாட்டியதும் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே தெரியும் ஃபோர்க் குழாயின் விளிம்பு, ஸ்டெம்மின் (அல்லது அதற்கு மேலிருக்கும் வளையத்தின்) மேல் விளிம்பைவிட சுமார் 3 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மூடி குழாயில் முட்டி நிற்கும், பேரிங்கின் லொடலொட ஆட்டம் போகாது.

அப்புறம் மூடியை வைத்து போல்ட்டை மெதுவாக இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இன்னொரு கையின் விரலை ஃபிரேமும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் வைத்தால் ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்டில் லகுவாகத் திரும்பவும் வேண்டும். பிறகு முன்சக்கரத்தோடு ஹேண்டிலை நேர் பார்த்து, பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

உச்சி போல்ட்டை முழுபலத்தோடு இறுக்கிவிட்டேன். இருந்தும் ஹேண்டில் திரும்பிப்போகிறதே?

உச்சி போல்ட் ஹேண்டிலைப் பிடிப்பதற்கு இல்லை. பேரிங் ஆட்டத்தைப் போக்குவது மட்டும்தான் அதன் வேலை. பிடிப்பது பக்க போல்ட்டுகள். ஆட்டத்தைச் சரி செய்யும்போது பக்க போல்ட் தளர்ந்திருக்க வேண்டும், அது முடிந்ததும் இறுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு இறுக்குவது? இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயமா?

ஸ்டெம்மிலேயே சின்ன எழுத்தில் பொறித்திருப்பார்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். கருவி இல்லையென்றால் கைக்கணக்கு ஒன்று உண்டு. 10 செ.மீ. நீளமுள்ள அலன் கீயின் நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ, கிட்டத்தட்ட அதுதான் 5 நியூட்டன் மீட்டர். அரிசிப் பையை ஒரு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அலுமினிய ஸ்டெம்முக்கு இந்தக் கணக்கு போதும். கார்பன் ஹேண்டில் என்றால் கைக்கணக்கு கூடாது, கருவி வேண்டும். கார்பன் உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே காட்டாது.

முன்முக போல்ட் நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி இறுக்குங்கள். மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாகத் தெரிய வேண்டும்.

எல்லா வளையமும் கீழே வந்துவிட்டது. இன்னும் உயரம் வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்று மிச்சம் இருக்கிறது. பல ஸ்டெம்கள் 6 அல்லது 7 டிகிரி சாய்வோடு வரும். கீழ்நோக்கி மாட்டியிருந்தால் கழற்றித் தலைகீழாக மாட்டுங்கள். 100 மி.மீ. ஸ்டெம்மில் இரண்டு செ.மீ.க்கு மேல் உயரம் கிடைக்கும். எழுத்து தலைகீழாகத் தெரியும், தெரிந்தால் என்ன.

அதுவும் போதாவிட்டால் நடுவில் தாழ்ந்து ஓரங்களில் எழும்பும் ரைசர் ஹேண்டில் வாங்கலாம். குழாயை நீட்டிக்கொடுக்கும் ஸ்டெம் ரைசரும் கிடைக்கிறது. வாங்கும்முன் அளவு பாருங்கள். ஃபோர்க் குழாய் பெரும்பாலும் 28.6 மி.மீ. இருக்கும். ஹேண்டிலை ஸ்டெம் பிடிக்கும் இடம் 25.4 அல்லது 31.8 மி.மீ. இதில் தவறினால் வாங்கியது அலமாரிக்குப் போகும்.

உயரம் சரி. ஆனால் எட்டிப் பிடிக்கிற மாதிரியே இருக்கிறது.

அது தூரத்தின் பிரச்சினை. பழைய கைக்கணக்கு: முழங்கையைச் சீட்டின் மூக்கில் முட்டுக்கொடுத்து கையை நீட்டினால் நடுவிரல் நுனி ஹேண்டிலுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பூக்காரம்மா அளக்கும் அதே முழம். ஆளுக்கு ஆள் முழம் மாறுவதுதான் இங்கே வசதி, உங்கள் சைக்கிளுக்கு உங்கள் முழம்.

முன்குழாய் சாய்ந்திருப்பதால் ஹேண்டிலை ஒரு செ.மீ. உயர்த்தினால் அது சுமார் 3 மி.மீ. உங்கள் பக்கமும் வரும். அதற்கு மேலும் கிட்ட வர வேண்டுமென்றால் குட்டை ஸ்டெம்தான் வழி. 100 இருக்கும் இடத்தில் 80 போட்டுப் பாருங்கள். ஹேண்டில் கொஞ்சம் துறுதுறுவென்று திரும்பும், இரண்டு நாளில் பழகிவிடும். தூரத்தைக் குறைக்கச் சீட்டை முன்னால் தள்ளாதீர்கள். பலர் செய்வது அதுதான். கை நிம்மதியாகும், முழங்கால் அழ ஆரம்பிக்கும், சமயத்தில் கைக்கும் கூடுதல் எடை வந்து சேரும்.

எந்த விரல் மரத்துப்போகிறது என்பது முக்கியமா?

ரொம்ப முக்கியம். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு ஹேண்டிலுக்கும் கைக்கும் இடையில் நசுங்குகிறது. எடையைக் குறைப்பதும், உள்ளங்கை ஓரம் தாங்கிக்கொள்ளும் அகலமான பிடி போடுவதும் உதவும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அப்போது பார்க்க வேண்டியது ஹேண்டில் உயரத்தைவிட பிரேக் லிவரின் சாய்வு.

சைக்கிளை விட்டு இறங்கி நாட்கள் ஆகியும் உணர்வு வராவிட்டால், பிடி பலம் குறைந்தால், அலன் கீயைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பிரேக் லிவரை எப்படி வைப்பது?

சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டி விரல்களை நேராக வையுங்கள். முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்போது விரல் லிவர் மேல் விழ வேண்டும். லிவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினால் ஒரு நிமிட வேலை. புது சைக்கிள்களில் லிவர் பெரும்பாலும் தரைக்கு இணையாக நிற்கும். அதைப் பிடிக்க மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டியிருக்கும், அதுதான் வலி. ஹேண்டிலின் உயரம் மாறும்போதெல்லாம் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

சின்னக் கைக்காரர்களுக்கு: லிவரின் உள்பக்கம் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே திருகினால் லிவர் ஹேண்டிலுக்குக் கிட்ட வரும்.

ஹேண்டில் ரொம்ப அகலம். வெட்டலாமா?

நேர் ஹேண்டிலாக, உலோகமாக இருந்தால் வெட்டலாம். வெட்டும்முன் பிடிகளையும் லிவர்களையும் இரண்டு பக்கமும் ஒரு செ.மீ. உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் அப்புறம் ரம்பத்தை எடுங்கள்.

வளைந்த ஹேண்டில் வைத்த ரோடு பைக்குக்கு?

கணக்கு அதேதான். ஆனால் நேரத்தில் பெரும்பகுதி கை இருப்பது பிரேக் லிவரின் மேல்மேட்டில், அதனால் அந்த இடத்தை வைத்தே அளக்க வேண்டும். கீழ்வளைவு உங்களுக்கு எட்டவே இல்லை, ஒரு நாளும் பிடிப்பதில்லை என்றால் ஹேண்டில் தாழ்வாக இருக்கிறது. மேல்பகுதியிலிருந்து மேட்டுக்குப் போகும் சரிவு கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்பி வையுங்கள். கை முன்னால் வழுக்காது.

அப்பாவுக்கு 68 வயது. கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம், கழுத்து வலி என்கிறார்.

குனிந்தால் ரோட்டைப் பார்க்கத் தலையைப் பின்னால் நிமிர்த்த வேண்டும், கழுத்து அதைத்தான் தாங்க மாட்டேன் என்கிறது. வாழ்நாள் முழுக்கக் கறுப்பு சைக்கிள் ஓட்டியவராக இருப்பார். அந்த மாதிரி பின்னால் வளைந்து வரும் ஹேண்டில் தனியாகக் கிடைக்கும். கியர் சைக்கிளிலேயே மாட்டலாம், கூடவே கொஞ்சம் மெத்தென்ற சீட். பிடி கிட்ட வரும், மணிக்கட்டும் இயல்பாக நிற்கும். கேபிள்கள் மட்டும் புதிதாக நீளமாகப் போட வேண்டியிருக்கலாம்.

கேபிள் போதுமா என்று எப்படிப் பார்ப்பது?

உயர்த்தி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். எங்காவது கேபிள் விறைத்தாலோ, திருப்பும்போது பிரேக் தானாகப் பிடித்தாலோ, நீளம் போதாது. பிரேக் விஷயம், நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள்.

மாற்றிய உடனே சுகம் தெரியுமா?

சில நேரம் முதல் நாளே தெரியும். பல நேரம் உடம்புக்கு ஒரு வாரம் வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு செ.மீ., ஒரே ஒரு மாற்றம். உயரத்தையும் தூரத்தையும் லிவரையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். தொடங்கும்முன் சீட் மூக்கிலிருந்து ஹேண்டில் நடுப்பகுதி வரை ஒரு அளவு, தரையிலிருந்து பிடி வரை ஓர் அளவு எழுதி வையுங்கள். என்னுடையது கேரேஜ் சுவரில் பென்சிலால் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன், ஒரு மாதிரியாகப் பார்த்தார்.